பேருக்குக் கீழே என்ன போட?

1

ஏகாம்பரம் இறந்துபோன செய்தியை என் அண்ணன் எனக்குச் சொன்ன விதம் இது:

"மைக்செட்டு ஏகாம்பரம் தவறிட்டார் சுமதி. பதினாறாம் நாளுக்கு நம்ம சார்பா பெரிசா ஒரு போஸ்டர் அடிக்கிறேன். உன் பேரும் போடறேன். பக்கத்துல ஜெர்மனினு போட்டா ஒரு எடுப்பா இருக்கும். பேருக்குக் கீழ என்ன போட? டிசைன் பண்ற பையன் அவசரப்படுத்தறான்."

வாட்ஸப்பில் வந்த குரல். சாவுக்கு ஒரு வாக்கியம், மீதியெல்லாம் போஸ்டருக்கு. நான் இங்கே முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து, ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிய கையைக் கழுவிக்கொண்டு, நின்றபடியே கேட்டேன்.

நம் திருவண்ணாமலையில் யாரும் சும்மா சாக முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். செத்த மறுநாளே சுவரில் முகம் வந்துவிடும். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் செத்தவர், கீழே வரிசையாக அஞ்சலி செலுத்துகிறவர்களின் படங்கள். செத்தவருக்கு எங்கேயோ கல்யாண வீட்டில் எடுத்த மங்கலான படம் கிடைக்கும். அஞ்சலி செலுத்துகிறவர்களோ ஸ்டூடியோவுக்குப் போய், பவுடர் போட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர். பெயருக்குக் கீழே உறவு. மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி, நண்பர், நலம்விரும்பி, ஒன்றிய துணைச் செயலாளர். உறவு இல்லாமல் பெயரை மட்டும் போட டிசைன் செய்கிறவர் ஒப்ப மாட்டார். இடம் காலியாகத் தெரியுமாம்.

அண்ணன் தன் பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். மாதிரிப் படத்தையே அனுப்பிவிட்டார். வெள்ளைச் சட்டையில், கைகூப்பி, என் அண்ணன். கீழே 'உடன்பிறவாச் சகோதரர்' என்று இருந்தது.

இந்த உடன்பிறவாச் சகோதரர் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏகாம்பரத்தின் கன்னத்தில் அறைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். ஏகாம்பரத்தின் மகன் பிரபு இன்றைக்குப் பெரிய ஆடியோ கம்பெனி வைத்திருக்கிறான். அண்ணனுடைய கட்சிக் கூட்டங்களுக்கெல்லாம் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் வருகின்றன. சகோதர பாசம் எந்த வழியாக ஊறியது என்பது இதிலிருந்து விளங்கும்.

2

பதினாறாம் நாளுக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அண்ணன் கேட்டார், என் கணவர் கேட்டார், எல்லோரையும்விட நன்றாக என் ஆபீஸ் கேட்டது.

இந்த நாட்டில் துக்கத்துக்கு ஒரு படிவம் உண்டு. கம்ப்யூட்டரில் திறந்து, இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்ற கட்டத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் இறங்கும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார். அதோடு பட்டியல் முடிந்தது. இவர்களைத் தவிர வேறு யார் செத்தாலும் மனிதருக்கு வருத்தம் வராது என்று யாரோ ஓர் அதிகாரி ஒரு மேஜையில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். நேர்த்தியான நாடு. ரயில் ஐந்து நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள், சித்தப்பா செத்தால் வேலைக்கு வரச் சொல்வார்கள்.

விடுப்புப் பிரிவு அம்மாளைப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒட்ட வெட்டிய முடி, மேஜை மேல் கள்ளிச்செடி. இறந்தவர் உறவா என்றார். இல்லை. நண்பரா? நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு முழுநாள் வராது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்புறம் எதற்காக ஏழாயிரம் கிலோமீட்டர் போகிறீர்கள்?"

அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு என்பதை ஜெர்மன் மொழியில் ஒரே சொல்லில் சொல்லிவிட ஆசைப்பட்டு, அகராதியில் பார்த்து வைத்திருந்த சொல்லைச் சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே பூங்கொத்தும் கையுமாக வாசலில் நிற்கிறவர்களுக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள் என்பதை அகராதி எனக்குச் சொல்லவில்லை. அம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார். "எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். போர்ச்சுகல்காரர்" என்றார். அடுத்த கால் மணி நேரம் நான் போர்ச்சுகல்காரரைப் பற்றிக் கேட்டேன்.

விடுப்பு கிடைக்கவில்லை. சம்பளமில்லாத விடுப்புக்கு வேறு படிவம், அதில் காரணம் என்று ஒரு கட்டம்.

3

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். கயல்விழிக்கு இப்போது பத்தொன்பது. இங்கேயே பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்குப் பதினோரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் அனுப்பியதன் பலனாக 'வணக்கம்', 'பசிக்குது', 'எனக்கு வேணாம்' ஆகிய மூன்றையும் பிழையில்லாமல் சொல்வாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா, இது க்ரஷ். சாதாரணம்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை." முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டாள். உலகத்தில் உள்ள எல்லா உணர்ச்சிக்கும் அந்தத் தலைமுறையிடம் நாலு ஸ்டிக்கர் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று வந்தால் நாலில் ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

பெண்ணை மட்டும் சொல்லி என்ன பயன். நம் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? போஸ்டருக்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். ரசிகை என்று போட்டால் அவர் ஏதோ சினிமாவில் நடித்தவர் ஆகிவிடுவார். பக்தை என்றால் கோயில். தொண்டர் என்றால் பிரியாணிப் பொட்டலம். சிஷ்யை என்று போட்டால் செங்கம் ரோட்டில் பருத்தி வேட்டி கட்டிக்கொண்டு, காபிக் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களோடு என்னையும் சேர்த்துவிடுவார்கள். அபிமானி என்ற சொல் வார இதழுக்குக் கடிதம் எழுதுகிறவர்களோடு செத்துப்போயிற்று. நலம்விரும்பி என்பவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போஸ்டரில் மட்டுமே வாழ்கிற ஒரு ஜந்து அது.

எங்கள் ஊர், யாராவது ஒருவரை மதிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஊர். மலையைச் சுற்றி எத்தனை சாமியார், எத்தனை படம், எத்தனை காலில் விழுதல். ஆனால் எதிரே நிற்கிற ஒரு சாதாரண ஆளை, அவன் செய்கிற ஒரு சாதாரண வேலைக்காக, ஒரு பெண் மதிக்கலாம் என்றால் அந்த ஊருக்கு உடனே தொண்டை அடைத்துவிடும். சாமியாராக இருந்தால் மதிக்கலாம். கல்யாணமான மைக்செட்டுக்காரராக இருந்தால் "இன்னா விஷயம்?" என்று கேட்பார்கள்.

இப்படியெல்லாம் மொழியையும் ஊரையும் நாட்டையும் வைதுகொண்டே ஒரு வாரத்தை ஓட்டினேன். வைவது எனக்குக் கைவந்த கலை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

4

ஏகாம்பரம் அப்படி என்ன செய்துவிட்டார் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

அப்போது எனக்கு இருபது வயசு, நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் போடும் முதலுதவிப் பந்தலுக்கு எங்களை அனுப்புவார்கள். என் பந்தல் அடி அண்ணாமலையில். பக்கத்தில் தகரத்தில் ஒரு சின்னக் கொட்டகை, அதற்கு மேல் நாலு பக்கமும் குழாய் ஒலிபெருக்கி. அதுதான் காணாமல் போனவர்கள் அறிவிப்பு நிலையம். மைக்செட்டு ஏகாம்பரத்துடையது. குரல் அவருடையதுதான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் வாடகைக்குப் போகிற செட்டைப் பௌர்ணமிக்கு மட்டும் சும்மா கொண்டுவந்து கட்டுவார். முப்பத்தைந்து வயசு இருக்கும். குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஆள். இதைச் சொல்வது முக்கியம், நம்மவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நடக்கிற கூட்டமெல்லாம் விடிவதற்குள் வந்து போய்விடும். காலையில் மிஞ்சுகிறவர்கள் தொலைந்தவர்கள். பெரும்பாலும் வயசானவர்கள். பஸ் பேரும் தெரியாது, பிள்ளையின் போன் நம்பரும் தெரியாது, கொட்டகை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்ற இடங்களில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். "பச்சைப் புடவை கட்டிய, காது கேளாத மூதாட்டி ஒருவர்" என்று ஆரம்பித்து, அந்தக் கிழவியின் குறைகளையெல்லாம் ஊருக்கே படித்துக் காட்டுவார்கள். ஏகாம்பரம் இப்படிச் சொன்னார்:

"அன்பர்கள் கவனிக்கவும். செஞ்சியைச் சேர்ந்த முருகேசன் என்பவரைக் காணவில்லை. அவருடைய தாயார் அடி அண்ணாமலையில் பத்திரமாக இருக்கிறார். முருகேசன் பயப்பட வேண்டாம். அவரைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து கையைப் பிடித்து இங்கே அழைத்து வரவும்."

முதலில் தவறாகச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பந்தலில் இருந்து எழுந்து போய்ச் சொன்னேன். "ஏங்க, தொலைஞ்சது இந்தம்மா. நீங்க மகனைச் சொல்றீங்க."

"இந்தம்மா எங்கம்மா தொலைஞ்சாங்க? இங்கதான ஒக்காந்துனு டீ குடிக்கிறாங்க" என்றார். "எங்க இருக்கான்னு தெரியாதது அந்த ஆளுதான்."

பெஞ்சில் இருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுகை நின்றுவிட்டது. "அவன் சின்ன வயசுலயே அப்டித்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நாற்பது வயசு முருகேசனை நாலு பேர் கையைப் பிடித்து நிஜமாகவே இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு, என் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கொட்டகை ஓரமாக நிற்பேன். ஆறேழு பௌர்ணமி நின்றிருப்பேன். அவர் என்னிடம் பேசுவது கம்மி, எனக்கு அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வருகிற ஆளை எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஒரு பெரியவரைப் பையனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, பெரியவருக்கும் புரிந்துவிட்டது. ஏகாம்பரம் இரண்டு நாள் விடாமல் அறிவித்தார். "சுப்பிரமணி கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகவும்" என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் செட்டை அவிழ்த்துவிட்டு, பெரியவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்கே போய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த பௌர்ணமியில் கேட்டேன், அந்தப் பையனை நாலு வார்த்தை திட்டினீர்களா என்று.

"தொலைஞ்சி கெடச்சவன யாராச்சும் திட்டுவாங்களா?" என்றார்.

நான் வேலை பார்க்கும் இல்லத்தில் பிள்ளைகள் பெற்றோரை இப்படிக் கூட்டத்தில் விட்டுவிட்டு ஓடுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன மகனுக்காகக் கிழவிகள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய் ஒலிபெருக்கிதான் ஞாபகம் வரும். இந்த ஊர் நடுவில் நாலு பக்கமும் கட்டி, பேர் பேராகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். நாளைக்கு என் மகள் பேரும் அதில் வரலாம்.

5

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

யாரோ அண்ணனிடம் வத்தி வைத்துவிட்டார்கள். உன் தங்கச்சி மைக்செட்டுக்காரன் கொட்டகையிலேயே கிடக்கிறாள் என்று. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, நல்ல வெயிலில், இரண்டு சிநேகிதர்களோடு பைக்கில் வந்து இறங்கினார். ஏகாம்பரம் அப்போதுதான் ஒரு பேரைச் சொல்லி முடித்திருந்தார். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் அறைந்தார். ஏகாம்பரத்தின் மூக்குக்கண்ணாடி பெஞ்சில் இருந்த கிழவி மடியில் போய் விழுந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவன் உனக்கு யாரு? சொல்லு."

சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கிரிவலம் வந்த புண்ணியாத்மாக்கள். மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார்கள்.

அப்போது ஏகாம்பரம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மைக் ஆன்ல இருக்குதும்மா."

அதை மிரட்டல் என்றார்கள் பிற்பாடு. இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அது எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னார். சொல்லப்போவது எதுவானாலும் யோசித்துச் சொல் என்று ஒரு விநாடி கொடுத்தார்.

நான் சொன்னேன்: "அவர்தான் எப்பவும் பேச்சு குடுத்து நிக்க வெப்பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

நாலு பக்கக் குழாயும் அதை எடுத்துக்கொண்டது. அடி அண்ணாமலை முழுக்கக் கேட்டது. அவர் வீடு அங்கிருந்து மூன்று தெரு. அவர் மனைவி கௌரி கைக்குழந்தையோடு வாசலில் நின்று கேட்டார் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பின்னால் என் குரலே இரண்டு தடவை எதிரொலித்து அடங்கியது. ஏகாம்பரம் கிழவி மடியில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவிட்சை அணைத்தார்.

அடுத்த மாதத்தில் இருந்து அந்தக் கொட்டகையை விழாக் குழு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. புது ஆள் பச்சைப் புடவை, காது கேளாத மூதாட்டி என்று படித்தார். என்னைத் தங்கமான பெண் என்று ஊர் சொல்லிற்று. அந்தத் தங்கத்தை ஜெர்மனியில் ஓர் எஞ்சினியருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். கார் அடி அண்ணாமலை வழியாகப் போகும்போது 'ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ்' பலகை தெரியும். ஒவ்வொரு தடவையும் டிரைவர், "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமாங்க?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றேன்.

6

கௌரி அக்கா போன் செய்தது சாவு நடந்த ஒன்பதாம் நாள். எனக்கு மதிய இடைவேளை. இல்லத்தின் பின்பக்கம், துணி துவைக்கும் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தேன்.

"சுமதியா? நான் ஏகாம்பரம் ஊட்டுக்காரி பேசறேன்."

முன்பின் ஒரு வார்த்தைகூட நாங்கள் பேசியதில்லை. உட்காரவும் இடமில்லை, துவைத்த விரிப்புகள் அடுக்கிய வண்டி ஒன்றுதான் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க அண்ணன் போஸ்டர் அடிக்கிறாராம். எங்க பையன்கிட்ட போன்ல காட்னாரு. உன் போட்டோவும் கீது. பேருக்குக் கீழ எடம் காலியா உட்டு வெச்சிருக்காரு. அதான் உன்னையே கேட்டுடலாம்னு. நீ அவருக்கு இன்னா வேணும்?"

குரலில் கோபமில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மரியாதை, நல்ல மனுஷர், எனக்குத் தமிழ்லயே அதுக்கு ஒரு வார்த்தை கெடைக்கலக்கா என்று ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தது முழுக்க நாக்கு நுனிக்கு வந்தது.

"இரு" என்றார் கௌரி அக்கா. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பையன் இருக்கான், மருமவ இருக்கா, அவரு தம்பிங்க ரெண்டு பேரு ஒக்காந்துனு இருக்காங்க. தெரிஞ்சிக்கினு சொல்லு."

இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் எனக்கு இன்னொரு தடவை அந்த ஒரு விநாடியைக் கொடுத்ததில்லை. அவர் வீட்டில் இருந்தே அது வந்தது.

"அக்கா, அன்னிக்கு மைக்ல நான் சொன்னது பொய்" என்றேன். "அவர் என்னை நிக்க வெக்கல. ஒரு நாளும் கூப்ட்டதில்ல, தப்பா ஒரு பார்வை பாத்ததில்ல. நானாதான் வந்து நிப்பேன். அவர் பேர் சொல்றதைக் கேக்கறதுக்கு நிப்பேன். அந்த மாதிரி ஒரு மனுஷனை அதுக்கு முன்னாடியும் நான் பாத்ததில்ல, பின்னாடியும் பாக்கல. எங்க அண்ணனுக்குப் பயந்துகினு பழியை அவர் மேல போட்டுட்டேன்."

சொல்லி முடித்த பிறகு கவனித்தேன், அகராதியில் தேட வேண்டிய சொல் அதில் ஒன்றுகூட இல்லை. இருபது வயசிலும் இவ்வளவு தமிழ் எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல் இல்லை, நாட்டுக்குச் சொல் இல்லை, பெண்ணுக்குச் சொல் இல்லை என்று நான் வைததெல்லாம் இதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். இதுவரை இந்தக் குறிப்பில் யார் யாரையோ இளக்காரமாக எழுதியிருக்கிறேன். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் நான்தான்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போகிற சத்தம் கேட்டது. பிரபுவாகத்தான் இருக்க வேண்டும். அவன்தான் அன்றைக்குக் கைக்குழந்தை. "உங்கப்பன் மைக்செட்டு கதை தெரியாதா" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டே வளர்ந்தவன், அப்பாவோடு பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவன் என்று கௌரி அக்கா பிறகு சொன்னார்.

"அவரா இருந்தா உன்னைத் திட்ட மாட்டாரு" என்றார் கௌரி அக்கா. "நான் திட்டுவேன்."

திட்டினார். என் இடைவேளை முடிந்தும் திட்டினார். கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் வாசலில் நின்று அந்தக் குரலைக் கேட்டதைச் சொன்னார். புருஷனிடம் ஒரு தடவை கேட்டதையும், அவர் இல்லை என்று சொன்னதையும், நம்பினேன் என்று சொல்லிக்கொண்டே பாதிதான் நம்பியதையும் சொன்னார். "பாதிதான் நம்பினேன்டி. அவரு செத்தப்புறம் மீதிய எங்க கொண்டு போய் குடுக்கறது?" என்று கேட்டபோது மட்டும் அவருக்குக் குரல் உடைந்தது. ஒரு போன் பண்ண உனக்கு இத்தனை வருஷமா என்றார். டீ குடிக்கக்கூட நிறுத்தாமல் போன காரைப் பற்றி அவருக்குத் தெரியாது, நானே அதையும் சொன்னேன். அதற்கும் திட்டினார்.

உள்ளே ஒரு கிழவி மணியை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை.

7

அன்று மாலை அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். என் பெயருக்குக் கீழே 'பொய் சொன்னவள்' என்று போடு. உன் பெயருக்குக் கீழே 'கன்னத்தில் அறைந்தவர்' என்று போடு. டிசைன் செய்கிறவருக்கு இடம் காலியாகத் தெரியாது.

இரண்டு நீலக் குறி விழுந்தது. நாலு நாள் கழித்துச் சுவரில் ஒட்டிய போஸ்டரின் படத்தை வேறு யாரோ ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அண்ணன் பளிச்சென்று கைகூப்பிக்கொண்டிருக்கிறார், இன்னமும் உடன்பிறவாச் சகோதரர்தான். என்னை எடுத்துவிட்டார். நான் இருந்த இடத்தில் ஒரு நலம்விரும்பி சிரித்துக்கொண்டிருந்தார்.

சம்பளமில்லாத விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'ஒரு பொய்யைத் திருத்துவதற்கு' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். போர்ச்சுகல்காரரைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் காலை சென்னையில் இறங்குகிறேன். நேரே அடி அண்ணாமலைக்குத்தான்.

போனை வைப்பதற்கு முன்னால் கௌரி அக்கா சொன்ன ஒன்றை அண்ணனிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. திட்டி ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்னைப் பத்தி அவர்கிட்ட நான் எத்தனையோ தரம் சண்ட போட்டிருக்கேன். எவ ஒருத்தி உன் மானத்த வாங்கிட்டுப் போனாளோ அவளை ஒரு வார்த்த திட்டுய்யான்னு கேப்பேன். ஒரே பதில்தான் சொல்வாரு. சாவறதுக்கு முந்தின வாரம்கூட அதையேதான் சொன்னாரு."

"என்னக்கா?"

"'அந்தப் பொண்ணு கூட்டத்துல தொலைஞ்சிடுச்சி கௌரி. வந்துடும்.'"